தறிக்கால் மரத்துண்டு

நாக்பூர்
6.8.2024

அக்காவுக்கு,

"கத்தினா வச்சிடுவேன், எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பு" என்று நேற்று போனை வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்த ஸ்கேன் படங்களை மாமா அனுப்பினார். இடது கண்குழியில், மேலே வெளிப்பக்கம், கண்ணீர்ச் சுரப்பி இருக்கும் இடத்தில் ஒரு கட்டி. கோலிக்குண்டு அளவு. கண்ணைக் கீழேயும் முன்னேயும் தள்ளுவது அதுதான். உன் பெண் திரிஷாவின் சடங்குக்கு எடுத்த போட்டோவையும் இப்போது எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார். ஒரு வருடமாகக் கண் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஓரம் வழவழப்பாக இருக்கிறது. புற்றாக இருக்காது. ஆனால் "இருக்காது" எனக்குப் போதாது. ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதித்தால் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். என் நண்பன் ஜான்சன் வேலை பார்க்கும் லேபில் 14ஆம் தேதி புதன்கிழமை பத்து மணிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். போ. ஸ்கேன் மெஷின் பழுது பார்ப்பவன் நான். இந்த மாதிரிப் படம் ஆயிரம் பார்த்திருக்கிறேன்.

ஒரு கேள்வி. மழுப்பாமல் பதில் எழுது. உனக்கு இரண்டு இரண்டாகத் தெரிகிறதா?

குரு


ஐயம்பேட்டை
10.8.2024

அன்புத் தம்பி குருவுக்கு,

நானும் மாமாவும் திரிஷாவும் நல்லா இருக்கோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? எழுத்திலேயும் நீ கத்துகிறாய்.

கண்ணைக் கேட்டாய். நான் தறியைத்தான் சந்தேகப்பட்டுக்கினு இருந்தேன். சித்திரையிலிருந்து வலப்பக்கம் தாழ்ந்த மாதிரியே இருந்தது. ஆசாரி சிட்டிபாபுவைக் கூப்பிட்டேன். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, "குமிழி நடுவுலதான்கா நிக்குது" என்றான். "உன் மட்டம்தான்டா கோணல்" என்று திட்டி, வலப்பக்கத்துக் காலுக்கு அடியில் ஒரு விரல் கனத்துக்கு மரத்துண்டு வைக்கச் சொன்னேன். வைத்ததும் நேராகத் தெரிந்தது. "இப்பதான்டி கோணலா இருக்குது" என்றார் மாமா. அவருக்கும் திட்டு விழுந்தது.

14ஆம் தேதி போக முடியாதுபா. தறியில் கல்யாணப் புடவை இருக்குது. அமாவாசைக்குத்தான் தறிக்கு லீவு, உனக்குத் தெரியாததா? செப்டம்பர் 2ஆம் தேதி அமாவாசை. அன்றைக்குப் போகிறேன்.

ஊசி கண்ணுக்குள்ளேயா விடுவார்கள்? அதை நீ எழுதவில்லையே.

அக்கா தேவகி


நாக்பூர்
16.8.2024

அக்கா,

ஜான்சன் பன்னிரண்டு மணிவரை காத்திருந்தான். எனக்குத்தான் அவமானம்.

தறிக்கு மாதம் ஒரு நாள் லீவு கொடுக்கிறாய். கண்ணுக்கு எப்போது? எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது, அமாவாசைக்கு முன்னால் டாக்டரைப் பார்க்கக்கூடாதென்று? கண் இறங்கியதற்குத் தறிக்கு முட்டுக்கொடுத்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. அந்த மரத்துண்டே சொல்லிவிட்டது.

இனி நான் எழுதமாட்டேன். கண் போனபிறகு என்னிடம் வந்து அழாதே.

குரு


ஐயம்பேட்டை
3.9.2024

தம்பி குருவுக்கு,

நீ எழுதமாட்டாய் என்றாய். நான் எழுதுகிறேன்.

நேற்று மாமாவும் நானும் சென்னையில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதலில் டாக்டர், பிறகு ஊசி என்று மாமா சொல்லிவிட்டார். சுகாசினி என்று ஒரு டாக்டரம்மா. படத்தைப் பார்த்ததும் அந்தம்மா கேட்டது ஒன்றுதான்: "இதுல யாராவது ஊசி விட்டாங்களா?" இல்லை என்றேன். திரும்பவும் கேட்டார். "ஏற்பாடெல்லாம் ஆச்சுங்க, இவதான் தறிய விட்டு எறங்கல" என்றார் மாமா. "நல்லவேளைமா" என்று டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

இது அபூர்வமான கட்டியாம். சாதுதான், ஆனால் மேல்தோல் கிழியாமல் முழுசாக வெளியே வரணுமாம். குத்தினால் உள்ளே இருப்பது சிந்தி, பல வருஷம் கழித்துக்கூட அங்கங்கே முளைக்குமாம். கெட்டதாகவும் மாறலாமாம். அதனால் கண்ணுக்குப் பக்கவாட்டில் எலும்பைக் கொஞ்சம் எடுத்து, கட்டியை வெளியே எடுத்துவிட்டு, எலும்பைத் திரும்ப வைத்துவிடுவார்களாம். 11ஆம் தேதி ஆபரேஷன்.

"கிழிஞ்சிட்டா?" என்று கேட்டேன். "கிழியாம எடுக்கத்தான்மா பாப்போம்" என்றார். கிழியாது என்று சொல்லவில்லை.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. நீ வருகிறாயா?

தேவகி


சென்னை, ஆஸ்பத்திரி
11.9.2024, காலை 10.40

அக்கா,

நீ உள்ளே போய் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. மாமா நாலாவது டீ குடிக்கிறார். பேச யாருமில்லை, உனக்கே எழுதுகிறேன்.

ஆயிரம் படம் பார்த்தேன் என்று எழுதினேன். மெஷின் ஒழுங்காகப் படம் எடுக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறேன். படத்தில் இருப்பது என்ன என்று படித்ததில்லை. 14ஆம் தேதி நீ என் பேச்சைக் கேட்டிருந்தால், அந்த ஊசியை விட்டவன் ஜான்சன் இல்லை, நான். நேற்று உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் இதை விட்டுவிட்டு ரயில் கதையே பேசிக்கொண்டிருந்தேன்.

"கண் போனபிறகு அழாதே" என்று எழுதியிருந்தேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. இல்லை, வைத்துக்கொள். நான் அடுத்த முறை கத்தும்போது எடுத்துக் காட்டு.

11.25. இன்னும் கதவு திறக்கவில்லை. இரண்டு மணி நேரம் என்றார்கள். நேரம் தாண்டிவிட்டது. கிழிந்துவிட்டதா?

திறக்கிறது. டாக்டர் வருகிறார்.


ஐயம்பேட்டை
28.10.2024

அன்புத் தம்பி குருவுக்கு,

என் தலையணைக்கு அடியில் நீ வைத்துவிட்டுப் போன கடுதாசியை, கட்டுப் பிரித்த பிறகு திரிஷா படித்துக் காட்டினாள். அதையும் நீ கிழிக்கச் சொன்னதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கிழிக்கவில்லை.

டாக்டரம்மா புட்டியில் போட்டுக் காட்டினாரே, தோலோடு முழுசாக, அதைப் பரிசோதித்த ரிப்போர்ட் வந்துவிட்டது. புற்று இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார். அண்ணாந்து பார்த்தால் மட்டும் இன்னும் கொஞ்சம் இரண்டாகத் தெரியுது. போகப்போகச் சரியாகுமாம்.

நேற்று தறியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் பார்க்கிறேன், வலப்பக்கம் அப்படியே தூக்கிக்கினு நிற்குது! ஐயோ, மறுபடியும் வந்துவிட்டதா என்று மாமாவைக் கூப்பிட்டேன். மாமா வந்து பார்த்தார். காலுக்கு அடியில் இருந்த மரத்துண்டைக் காட்டினார். "அப்பவே சொன்னனே" என்று ஆரம்பித்தவர், அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அந்தத் துண்டை எடுக்க நாளைக்கு சிட்டிபாபு வருகிறான். ரசமட்டம் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா
தேவகி