வெளுக்க வேண்டிய சாயம்

கை மணிக்கட்டு வரை எந்நேரமும் சாயத்தோடு இருந்த என் நைனாவுக்கு,

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கண் தப்பித்தது.

இடது கண் போனது உங்களுக்குத் தெரியும். நீங்கள் கண்மூடிய மறுவருஷம் வலது கண்ணிலும் ஆரம்பித்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாகப் பிணைக்கும்போது எல்லாம் வளைந்து தெரிந்திருக்கிறது. "பாவு கோணிகினு கீது, இன்னா நூல் குடுத்தீங்க?" என்று முதலாளியிடமே சண்டைக்குப் போய்விட்டாள். கோணல் கண்ணில்தான் என்று சென்னை டாக்டர் சொன்ன அன்று நான் பயந்துபோனேன்.

விழித்திரைக்கு அடியில் ரத்தக்குழாய் முளைத்துக் கசிகிறதாம். கையில் மருந்தை ஏற்றிக் கண்ணுக்குள் சிவப்பு வெளிச்சம் பாய்ச்சினால், அது பட்ட இடத்தில் மட்டும் மருந்து வேலை செய்து குழாயை அடைக்கும்.

ஞாபகம் வருகிறதா? தொண்ணூறுகளில் இந்த மாதிரி சாய மருந்துகளை உருவாக்கும் ஆராய்ச்சியில் நான் சேர்ந்தபோது, "வெளிச்சம் பட்டா மாறுற சாயத்தை எவன் வாங்குவான்? அதுக்குப் போய் படிச்சிகினு கீறியே!" என்றீர்கள். எனக்கு ரோஷம் வந்து, விளக்கிச் சொல்லாமலே விட்டுவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன்?

அம்மாவுக்கு ஏற்றியது நான் செய்ததல்ல. ஆனாலும் என் குடுவையில் இருப்பவற்றுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். கரும்பச்சையாக இருந்தது. "இதே கலர்ல உங்க நைனா ஒரு கல்யாணப் புடவைக்கு நூல் போட்டாரு" என்றாள். டாக்டரே சிரித்துவிட்டார்.

ஐந்து நாள் வெயில் படக்கூடாது, பட்டால் தோல் வெந்துபோகும் என்று சொல்லி அனுப்பினார்கள். இருட்டிய பிறகு பஸ் ஏறி ஆரணி வந்தோம். சாயம் வெளுக்கக்கூடாதென்று பட்டு நூலை நீங்கள் நிழலில் உலர்த்தித் துணி சுற்றிப் பெட்டியில் பூட்டுவீர்களே, அம்மா தன்னையும் அப்படியே பூட்டிக்கொண்டாள். ஜன்னலைச் சாத்தி, போர்வையால் மூடி, ஒரே இருட்டு. இத்தனை படித்த நானும் சரியென்று விளக்கை அணைத்தேன். பயம் வந்தால் படிப்பு எங்கே நிற்கிறது?

மறுநாள் போனில் இதைச் சொன்னதும் டாக்டர் பிடித்துத் திட்டினார். "வெயில்தாம்மா கூடாது. வீட்டு வெளிச்சம் படணும். அதுலதான் தோல்ல இருக்கிற மருந்து வெளுத்துப் போகும்!"

வெளுத்துப் போக வேண்டுமாம், நைனா! ஆயுசு முழுக்க நீங்கள் பயந்த ஒன்று உங்கள் பெண்டாட்டிக்கு வேண்டும் என்கிறார்கள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

மூன்று மாதம் கழித்து நேற்று பரிசோதித்தார்கள். கசிவு நின்றுவிட்டது. இன்னொரு முறை தேவைப்படலாம். போன பார்வை முழுதாக வராது. இன்று காலை பாவின் முன் உட்கார்ந்து ஒரு இழையை விரலால் தூக்கிப் பார்த்தாள். "நேரா கீதுடி" என்றாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அவளைப் பார்த்துக்கொள்கிறேன், நைனா. மறுபடி ஊசி போட்டால் வெயிலில் விடமாட்டேன். விளக்கை மட்டும் அணைக்கவே மாட்டேன்.

வெளுக்கிற சாயத்துக்காகப் படித்த
உங்கள் மூத்த மகள்