ஆன்சிக்கு எட்டாத வரி

என் மாமாவுக்கு,

நேற்று நீங்கள் ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டிய கிறிஸ்துமஸ் பாட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். தொண்டையில் குழாய் வைத்த பிறகு எல்லாவற்றுக்கும் அதுதான் என் பதில். அதனால் எழுதுகிறேன்.

பல்லவி நன்றாக இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். சரணத்தில் இரண்டாவது வரி நீளம். மூச்சு விட இடமில்லை, ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள். மூன்றாவது வரி மிகவும் மேலே போகிறது. கோயில் பாடகர் குழுவில் என் இடத்தில் இனி ஆன்சிதான் பாட வேண்டும். அவளுக்கு அது எட்டாது.

“உனக்குத்தான் போட்டுகீறேன். டிசம்பருக்குள்ள குரல் வந்துடும், நீ பாடுவ” என்றீர்கள்.

போன வாரம் ஸ்கேன் பார்த்த அன்று நீங்கள் ஹார்பரில் ஷிஃப்டில் இருந்தீர்கள். குரலைப் பற்றி டாக்டர் பேசவே இல்லை. “இனிமே வலி தெரியாம பாத்துக்கலாம்மா” என்றார்.

கிறிஸ்துமஸ் பாட்டு இருக்கட்டும். முதலில் வேறொன்று போடுங்கள். தாளம் மெதுவாக, வரிகள் சிறியதாக. காசிமேடு கல்லறை வரை தோளில் சுமந்து நடப்பவர்களும் அதைப் பாட முடிய வேண்டும்.

ஆன்சிக்குச் சீக்கிரமே சொல்லிக்கொடுங்கள். நானும் ஒருமுறை கேட்டுவிடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி