திம்பம் ஏறுமுன் மாற்றிய எண்ணெய்

அக்கா,

இன்று காலை சத்தியமங்கலத்தில் கடைக்காரர் டின்னைத் திறந்ததும் புது எஞ்சின் ஆயிலின் வாசனை வந்தது. "முப்பதுங்களா, நாப்பதுங்களா?" என்று ஆயிலின் நம்பரைக் கேட்டார். பதிலை நீ எனக்கு முன்பே சொல்லித் தந்திருக்கிறாய்.

வருஷங்களுக்கு முன், நீ ஜீப்பை ஓட்டி வந்த அன்றும் இதே கடைதான். ஜீப்பின் பின்னால் டிரெய்லர், அதில் மாற்று டீசல் எஞ்சினும் பம்பும். திம்பம் மலைக்கு மேலே தாளவாடியில் உன் வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தது. இறைக்கிற எஞ்சின்தான் உடைந்துபோயிருந்தது. அத்தான் போன பிறகு நீ தனியாக வைத்த முதல் வெள்ளாமை அது. "இது போச்சுன்னா நெலத்தக் குத்தகைக்கு விட்டுப்போடறேனுங்க" என்று சித்தப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாய். அவர் அதற்காகவே காத்திருப்பதாக நான் நினைத்தேன். ஆனாலும் துணைக்கு என்று அவரே பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டரைக் கவனிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தாய். மடியிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தேன். அன்னூர் வரை முள் அசையவில்லை. புளியம்பட்டி தாண்டி எஞ்சின் சூடேற, அது இறங்கத் தொடங்கியது. சொல்லிவிட்டு, பயப்பட வேண்டுமா என்று தெரிந்துகொள்ள உன்னைப் பார்த்தேன்.

"என் மூஞ்சில என்ன இருக்குது கண்ணு? முள்ளப் பாரு."

சத்தியில் நிறுத்தி, எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினாய். கம்பியில் தங்காமல் தண்ணீராக வழிந்தது. விரலில் தேய்த்து முகர்ந்தாய்.

"சித்தப்பா, இதுல என்னத்த ஊத்துனீங்க?"

"நம்ம மில்லு எண்ணெய்தான் அம்மணி. கொறஞ்சு கெடந்துது, காலைல ஒரு டின்னு ஊத்துனேன். கதிரெல்லாம் ராவும் பகலும் அதுலதான சுத்துது? வண்டிக்கு ஆகாதா?"

நூல் மில்லில் சுழலும் கதிர்களுக்கான நீர்த்த எண்ணெய். மில்காரர் வீடுகளில் தையல் மெஷின், சைக்கிள், கேட்டுக் கீல் எல்லாவற்றுக்கும் அதைத்தான் விடுவோம். தெரிந்தே ஊற்றியிருப்பாரோ என்று எனக்குத் தோன்றியது. நீயும் அவரைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாய். பிறகு, "பூராத்தையும் வடிச்சுப்போடலாம், நீங்க சட்டியப் புடிங்க" என்றாய்.

கடைக்காரர் முப்பதாம் நம்பர் டின்னை எடுத்து வைத்தார். "திம்பத்துல குளிருமுங்க. கெட்டி ஆயிலு வேண்டாம்."

"குளிர்றது மலைக்குத்தானுங்க. வண்டி சுமையில்ல இழுக்குது? நாப்பது குடுங்க."

"அவருக்குத் தெரியாததா அம்மணி?" என்றார் சித்தப்பா.

"அவரு கடை மலை ஏறாதுங்க சித்தப்பா."

மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு டிரெய்லர் நம்மைப் பின்னுக்கு இழுத்தது. முள் இறங்கியது, நடுங்கியது, நின்றது. நாற்பது சரியா என்று உனக்கே நிச்சயமில்லை என்பதை, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த உன் விரல்கள் சொல்லின. ஒரு வளைவில் லாரிக்கு வழிவிட்டு நிறுத்தியபோது வண்டி பின்னால் நழுவியது. பிரேக் பிடிக்குமுன்பே சித்தப்பா குதித்து டிரெய்லர் சக்கரத்துக்குக் கல்லை வைத்தார். அந்தக் கல்லை அடிவாரத்திலிருந்தே மடியில் வைத்திருந்திருக்கிறார். என் சந்தேகத்தை அந்த வளைவிலேயே விட்டுவிட்டேன்.

சாயங்காலம் உன் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. குத்தகைப் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே இருந்த நாட்களில் பார்ப்பதற்கு எனக்கு முள் எதுவும் இல்லை. உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நீ என்னை அதட்டவில்லை.

நீ போன பிறகு நிலம் என் பொறுப்பில். இன்றும் டிரெய்லரில் ஒரு பம்பு செட்டு. நாற்பதே வாங்கினேன். பண்ணாரி தாண்டி ஏற்றம் தொடங்கியதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, "முள்ளு எறங்குது அம்மணி" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

நாற்பது சரியா என்று எனக்கும் நிச்சயமில்லை, அக்கா.

"முள்ளப் பாருங்க சித்தப்பா" என்றேன்.