மண்டபத்துக் கூரைக் கணக்கு

செப்டம்பர் 3
நான் வேலை பார்க்கும் பொதுப்பணி அலுவலகம் கொடுத்த மடிக்கணினியில் ட்ரஸ், அதாவது கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம், கணக்குப் போடும் மென்பொருள் வந்துவிட்டது. மூட்டுகளின் இடம், அவற்றை இணைக்கும் கட்டைகள், சட்டம் எங்கே உட்காருகிறது, மேலே எவ்வளவு பாரம் – இவ்வளவும் கொடுக்க வேண்டும். மூன்றே கட்டையில் ஒரு முக்கோணம் போட்டுப் பார்த்தேன். விடை வந்தது. அடுத்து தம்பி ஃபெலெத்தியின் கூரை. போன புயல் கொண்டுபோன தேவாலய மண்டபத்தை எங்கள் தீவு ஊரான நெயாஃபுவில் அவன்தான் மறுபடி கட்டுகிறான்.

செப்டம்பர் 5
அவனுடைய சட்டத்தை வரைந்தேன். 'நிலையற்றது' என்று சிவப்பில் வந்தது. திரும்பத் திரும்ப அதே. நான்கு சட்டங்களை ஏற்கெனவே ஏற்றிவிட்டானே! இறக்கச் சொல்லி அவன் மனைவி லோசேயிடம் சொல்லியனுப்பினேன். அக்கா இருக்கும் அறைக்குள் தம்பி நுழைவதும், அவள் சொல்லை மறுப்பதும் எங்கள் தீவு வழக்கத்தில் இல்லை; அவன் வருவானா என்ன, மரியாதை விடுமா?

செப்டம்பர் 6
நான்கையும் இறக்கிவிட்டான். ஏன் என்று கேட்கவில்லை. "அக்கா சொன்னப்புறம் என்ன பேச்சுன்னுட்டாரு, அண்ணி. ஆளுங்கதான் முணுமுணுத்தாங்க" என்றாள் லோசே.

செப்டம்பர் 9
தப்பு என்னுடையது. இரண்டு முனைக்கும் உருளும் தாங்கி கொடுத்திருக்கிறேன். ஒரு முனையாவது நகராமல் நிற்க வேண்டாமா? சக்கரம் வைத்த கட்டில் மாதிரி சட்டம் பக்கவாட்டில் ஓடும் என்றுதான் மென்பொருள் சொல்லியிருக்கிறது. திருத்தினேன். எல்லாக் கட்டையும் தாங்குகிறது.
ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன். நாளைக்குத் தாங்காததைத் தாங்கும்னு சொன்னாலும் ஏத்திடுவானே!

செப்டம்பர் 10
மண்டபத்துக்கே போனேன். ஆட்கள் முன்னால் சொன்னேன்: "தப்பு என்னோடது. உன் சட்டம் சரியாத்தான் இருக்கு."
தரையைப் பார்த்தபடி, "சரிங்கக்கா" என்றான்.
அதற்கும் சரிதானா?
"எல்லாத்துக்கும் சரி சொல்லாதடா. சந்தேகம் வந்தா கேளு. நான் தப்பா சொன்னா கூரை உன் புள்ளைங்க தலையிலதான் விழும்."
ஆட்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 11
மழை. வேலை இல்லை.

செப்டம்பர் 16
நான்கும் மறுபடி ஏறிவிட்டன. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 19
மேடைக்கு மேலே வருவது அகலமான சட்டம். கணக்குத் தாளைக் காலையில் லோசேயிடம் கொடுத்தேன்.
சாயங்காலம் வீட்டு வாசலில் இருமல் சத்தம். ஃபெலெத்தி. உள்ளே வரவில்லை, கதவுக்கு முதுகைக் காட்டிப் படியில் உட்கார்ந்தான்.
"அக்கா, நடுக்கட்டையில விசையே இல்லைன்னு போட்டிருக்கீங்க. அதுக்குக் கீழதானே பெரிய ஃபேன் தொங்கப்போவுது? அத சேக்கலியா?"
சேர்க்கவில்லை. எடையைக் கேட்டேன், சொன்னான். அதையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டு, வந்த எண்ணை அவனுக்குப் படித்துக் காட்டினேன்.
"இன்னொரு தடவை பாருங்க" என்றான்.
பார்த்தேன்.