வாயடைத்த எச்சரிக்கை

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை வேளைக்குப் போடுகிறாரா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஆபீசில் ஒரு சின்னக் கூத்து. எங்கள் இணையக் கடையில் ஆட்கள் எடுக்கும் சாமான்கள் ஒரு லிஸ்டில் இருக்கும். கடையை ஓட்டும் சர்வர் கம்ப்யூட்டரை நிறுத்தும்போது லிஸ்டை மூட்டை கட்டி வைத்து, சர்வர் மறுபடி எழுந்ததும் பிரிக்க வேண்டும். நாங்கள் புரோகிராம் எழுதும் ஜாவா மொழியில், மூட்டை கட்ட முடிகிற வகை மட்டுமே லிஸ்டுக்குள் வரலாம் என்று ஜெனரிக்ஸ் என்கிற விதியால் எழுதியிருக்க வேண்டும். நான் வகையே சொல்லாமல் விட்டேன். எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் எச்சரித்தது, ஒரு வரி போட்டு அதன் வாயை அடைத்தேன். மூட்டை கட்ட முடியாத ஏதோ ஒன்று லிஸ்டுக்குள் நுழைந்து, கட்டுவதே நின்றுபோனது. நேற்று சர்வர் எழுந்ததும் எல்லோருடைய கூடையும் காலி.

புரோகிராமை சர்வரில் ஏற்றியது பக்கத்து சீட் அக்கா. மேனேஜர் அவரைக் காய்ச்சி எடுத்தார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலையில்தான் வாய் வந்தது. "அக்கா, அது நான் எழுதினது."

"தெரியும்பா. ஒவ்வொரு வரியிலயும் எழுதினவங்க பேரு சிஸ்டத்துலயே இருக்கே. நீயா சொல்லுவியான்னு பார்த்தேன்."

மேனேஜரிடமும் சொன்னேன். "சரி, திருத்திடுங்க" என்பதோடு முடித்துக்கொண்டார்.

என் பழைய போர்வையை அனுப்பி வை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நீயாவது என்னைத் திட்டு அம்மா. மீட்டிங்குக்கு அழைக்கிறார்கள், போகிறேன்.

உன் மகன்