எனக்காக முடிவெடுக்க ஒருவர்

சின்னவளின் அம்மாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? எனக்குக் குடலிறக்கமாம். அடுத்த மாதம் சின்ன ஆபரேஷன், பயப்படாதே. நின்று நின்றே உடம்பு அசந்துவிட்டது, படுக்கவாவது கிடைக்கும்.

நினைவு தப்பினால் எனக்காக முடிவெடுக்க, கூப்பிட்டதும் வருகிற ஆள் வேண்டும் என்றார் டாக்டர். என் அறையில் தங்கியிருக்கும் வெல்டர் தம்பியைச் சொன்னேன். சோறு வெந்துவிட்டதா என்பதற்கே என் முகத்தைப் பார்ப்பவன் அவன்.

"எதுன்னாலும் அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேண்ணே" என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டான்.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் பழைய வேட்டி இரண்டு கொடுத்தனுப்பு, புண்ணில் உரசாது. போனைப் பக்கத்திலேயே வைத்திரு. வேலைக்குப் போகிற வண்டி ஹாரன் அடிக்கிறது.

எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்பாயே, அவன் கேட்டால் அப்படிச் சொல்லிவிடாதே. அன்றைக்கு உன் இஷ்டம்தான்.