நீ மேடையில் பேசியதைப் பார்த்தோம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போன மாதம் அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தோம், கட்டி கூடவும் இல்லை குறையவும் இல்லை, டாக்டர் அதே மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டார். முடி காதுவரை வளர்ந்துவிட்டது. சிகிச்சை தொடங்கியபோது மொட்டையடித்துவிட்ட இதே கையால் நேற்று ஓரம் வெட்டிச் சரிசெய்தேன், கை பழக்கத்தில கிருதா வெச்சுடாதீங்க என்று கிண்டல் வேறு.

மாநாட்டில் நீ பேசியதை நம் சலூனில் வைத்தே பார்த்தோம். மருந்துக்கடைக்காரர் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து, சீப்பு கத்தரிக்கோலையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார். அம்மாவைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்தேன். பக்கத்து நாற்காலியில் பாதி முகம் நுரையோடு தபால்காரர், அவருக்குச் சவரம் பாக்கி இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று. உன் இங்கிலீஷ் எங்களுக்கு எங்கே புரியப்போகிறது, மருந்துக்கடைக்காரர்தான் எடுத்துச் சொன்னார். செல்லுக்கு வெளியிலிருந்து 'வளரு' என்று ஒரு சமிக்ஞை உள்ளே போகுமாம், புற்றுநோயில் அது ஓயாமல் போய்க்கொண்டே இருக்குமாம், அதை வழியிலேயே நிறுத்துகிற மருந்தோடுதான் நீ இத்தனை வருஷமாகப் போராடுகிறாயாம். எலிக்குக் கட்டி சுருங்கிய படத்தைக் காட்டினாய். அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். தனக்கு வந்திருப்பதும் அதே வகைக் கட்டிதான் என்று நீ எப்போதோ சொன்னதை அவள் மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள், என்னிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

அடுத்த படத்தில் அந்தக் கட்டி திரும்ப வளர்ந்திருந்தது. என்னவென்று நான் கேட்டதும் மருந்துக்கடைக்காரர் அம்மாவைப் பார்க்காமல், 'ஒரு வழிய அடைச்சா செல்லு வேற வழியில சமிக்ஞைய அனுப்பிக்குதாம், அதனால இந்த மருந்த இப்போ நோயாளிங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு சொல்றாங்க உங்க பொண்ணு' என்றார். முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து ஏதோ கேட்டார், நீ ஒரே வரியில் பதில் சொன்னாய். அந்த இன்னொரு வழியை எப்படி அடைப்பது என்று கேட்டாராம், இன்னும் தெரியாது, தேடிக்கொண்டிருக்கிறேன் என்றாயாம். அம்மாடி, அத்தனை படித்தவர்கள் நடுவில் குரல் நடுங்காமல் தெரியாது என்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும். இந்த வருஷமே மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்று உன் பேராசிரியர் அவசரப்பட்டதும், சோதனையை இன்னும் நாள் கூட்டிச் செய்தே தீருவேன் என்று நீ ஒற்றையாளாக நின்றதும் நீ போனில் சொல்லி எனக்குத் தெரியும். பரிசு வாங்கி வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்திருக்காது. தபால்காரர் நுரை காய்ந்துபோன முகத்தோடு எழுந்து கை தட்டினார். வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிச் சொல்லி, ஒருவருக்கு ஒரு பக்கம் முடி அதிகமாகவே போய்விட்டது, அவரும் சிரித்துக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு நீ போன் செய்யவில்லை, வேலை அதிகம் என்று செய்தி மட்டும் வருகிறது. போட்டிருந்த லீவையும் தள்ளிவைத்துவிட்டாய். அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று தயங்குகிறாய், பெற்றவனுக்கு இதுகூடவா தெரியாது. அன்றைக்கு எல்லோரும் போன பிறகு அவள் கொஞ்ச நேரம் அழுதாள், உன்னிடம் மறைக்கமாட்டேன். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்து, 'எனக்கும் ஆசை இருந்துச்சு. அதுக்காக, கேக்காத மருந்தக் கேக்கும்னு சொன்னா எத்தன பேரு நம்பி ஏமாந்திருப்பாங்க, அவ சொன்னதுதான் சரி' என்றாள். இன்று நான் எழுத உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, ஒரு சொல் மாற்றாமல் இதை எழுதச் சொன்னாள்: 'மருந்தோடதான் வரணும்னு உன்னை யாரு கேட்டா? வைத்தியம் பாக்க டாக்டர் இருக்காரு. நீ எனக்குப் பொண்ணா வந்தா போதும்.'

எடுத்த காரியம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம். லீவை மறுபடி போடு, டிக்கெட் எடுத்ததும் சொல், அம்மா உன் அறையைத் துடைத்துப் படுக்கையும் விரித்துவிட்டாள்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா